துக்கம் கேட்டல்: அடக்கத்திற்குப் பின் கூடும் கூட்டங்கள் குறித்து ஒரு திறனாய்வு

நமது திருச்சபைகளின் வழிபாட்டு நூல்களில் அடக்க ஆராதனைக்குரிய முறைமை செவ்வனே வகுக்கப்பட்டிருக்கிறது. வீட்டில் ஏறெடுக்க வேண்டிய ஜெபம், ஆலயத்தில் வாசிக்க வேண்டிய திருமறைப் பகுதிகள், கல்லறையில் மண்ணிடும்போது கூற வேண்டிய வார்த்தைகள் யாவும் அங்கு உண்டு. கல்லறைத் தோட்டத்திலிருந்து திரும்பி வந்த பின்னர் அவ்வீட்டில் நடைபெறுவதற்கோ பெரும்பாலும் முறைமை எதுவும் இல்லை. ஆயர் அங்கியைக் கழற்றி மடித்துப் பையில் வைத்ததும் வழிபாட்டு நூலும் மூடப்படுகிறது. அதன் பின்னர் நிகழ்வனவற்றை மக்கள் தாங்களே சமைத்துக்கொண்டார்கள். இந்து உறவினரின் வழக்கத்திலிருந்து சிறிது, கத்தோலிக்கரின் வழக்கத்திலிருந்து சிறிது, அரசியல் இரங்கற் கூட்டத்திலிருந்து மிகுதி என்று அது உருவாகியிருக்கிறது.

புதுச்சேரிக்குத் தெற்கே ஆற்றுப் பாலத்தைக் கடந்ததும் வரும் அரியாங்குப்பத்தில் இக்கலவையைத் தெளிவாகக் காணலாம். பழமையான கத்தோலிக்க ஆலயமுள்ள ஊர் அது. சீர்திருத்தத் திருச்சபையினர் அங்குச் சிறுபான்மையினருள் சிறுபான்மையினர். ஒரே குடும்பத்தில் பெரியம்மா கத்தோலிக்கராகவும், சித்தப்பா இந்துவாகவும், மருமகள் பெந்தெகொஸ்தே சபையினராகவும் இருப்பது அங்கு வியப்பன்று. ஆகவே ஒருவர் மரித்தால் மூன்றாம் நாள் ஜெபம் என்கிறோம். அதே நாளில் அண்டை வீட்டார் அதனைப் பால் தெளிக்கும் நாள் என எண்ணி வருகிறார்கள். பதினாறாம் நாள் 'நினைவு ஸ்தோத்திர ஆராதனை' என்று அழைப்பிதழ் அச்சிடுகிறோம். சித்தப்பா வீட்டார் அதைக் கருமாதி என்றே சொல்லிக்கொண்டு வந்து சேருகிறார்கள். முப்பதாம் நாள் பூசைக்குப் பழகிய பெரியம்மா, உங்கள் கோவிலில் முப்பது இல்லையா என்று கேட்கிறார்.

இச்சூழ்நிலையில் ஆயர்களாகிய நாம் வழக்கமாக எழுப்பும் கேள்வி, எந்த நாள் என்பதே. பதினாறாம் நாளை அனுமதிக்கலாமா, பதினைந்தாக மாற்றிவிட்டால் குற்றம் நீங்குமா, ஞாயிற்றுக்கிழமைக்குத் தள்ளிவிட்டால் போதுமா என்று ஆயர் கூட்டங்களில் விவாதிக்கிறோம். இக்கேள்விக்கு உரியதைவிட மிகுதியான நேரத்தை நாம் கொடுத்துவிட்டோம் என்பது என் கருத்து. யாக்கோபுக்காக யோசேப்பு ஏழு நாள் துக்கம் கொண்டாடினான் (ஆதியாகமம் 50:10). ஆரோனுக்கும் மோசேக்கும் இஸ்ரவேலர் முப்பது நாள் அழுதனர் (எண்ணாகமம் 20:29, உபாகமம் 34:8). நான்காம் நூற்றாண்டில் சிரியாவில் தொகுக்கப்பட்ட 'அப்போஸ்தலர் அமைப்புகள்' என்னும் நூலின் எட்டாம் புத்தகம், மரித்தோருக்காக மூன்றாம் நாளையும் ஒன்பதாம் நாளையும், மோசேக்கு மக்கள் அழுத காலத்தை ஒட்டி வேறொரு நாளையும், ஆண்டு நிறைவையும் குறிக்கிறது. அந்த வேறொரு நாள் முப்பதாவதா நாற்பதாவதா என்பதில் படிகள் வேறுபடுகின்றன. ஆதித் திருச்சபை தன்னைச் சுற்றியிருந்த உலகின் நாள்களை எடுத்துக்கொண்டு, அவற்றிற்குத் திருமறையிலிருந்து பொருள் கூறியது. பதினாறு என்ற எண்ணுக்குள் பேய் ஒன்றும் குடியிருக்கவில்லை. பிண்டம் வைப்பதும், மரித்தவரின் ஆவியை வழியனுப்பும் சடங்கும் நம்மிடம் இல்லை, இருத்தலும் ஆகாது. அவை இல்லாதபோது, நாள் ஒரு நாளே. மரித்தோருக்காக ஜெபித்தல் குறித்த கேள்வி வேறு. அதிலுங்கூட அவுக்ஸ்பூர்க் அறிக்கையின் தற்காப்புரை, பண்டையோர் மரித்தோருக்காக ஜெபித்ததை அறிந்து அதனைத் தாம் தடுப்பதில்லை என்றே கூறுகிறது என்பதை லூத்தரன் மாணவர் பலர் வாசியாமலேயே பட்டம் பெற்றுவிடுகிறார்கள்.

நாளையும் அடையாளத்தையும் பிடித்துக்கொண்டு, மனிதனை விட்டுவிடும் இப்போக்கு புதுச்சேரி மண்ணுக்குப் பழகியதொன்று. 1703ஆம் ஆண்டு நவம்பரில் திருத்தந்தையின் தூதராகத் துர்னோன் என்பவர் புதுச்சேரியில் வந்திறங்கினார். இயேசு சபைக் குருக்கள் தமிழ்க் கிறிஸ்தவர்களுக்கு அனுமதித்திருந்த வழக்கங்களை விசாரித்து, 1704ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் பதினாறு கூறுகள் கொண்ட ஆணையொன்றைப் பிறப்பித்தார். தாலியில் உள்ள உருவம், சிறுவர் திருமணம், மாதவிலக்கான பெண்களை ஆலயத்திற்கு வெளியே நிறுத்துதல், கோவில் விழாக்களில் கிறிஸ்தவ இசைக்கலைஞர் வாசித்தல் முதலியன அதில் இடம்பெற்றன. நாற்பதாண்டுக் காலம் நீடித்த இச்சச்சரவை 1744இல் பதினான்காம் பெனடிக்ட் திருத்தந்தை ஒரு முடிவுக்குக் கொண்டுவந்தார்.

அப்பதினாறு கூறுகளுள் ஒன்று நம் பொருளுக்கு மிக நெருங்கியது. நோயுற்ற பறையர் கிறிஸ்தவரின் வீட்டிற்குக் குரு நேரில் செல்ல வேண்டும் என்பது அது. குரு ஒருவர் சாகுந்தறுவாயில் இருப்பவனின் குடிசைக்குள் குனிந்து நுழைவதா, அவனைத் தூக்கிக்கொண்டு வரச் செய்வதா என்பதே அங்குக் கேள்வி. தாலியின் உருவத்தை மாற்றுவது எளிதாக இருந்தது. இந்தக் குனிதல் எளிதாக இருக்கவில்லை. முடிவில், பறையருக்கென்று தனிக் குருக்களை நியமித்துக்கொள்ளும் சமரசத்தையே 1744இன் ஆணை ஏற்றுக்கொண்டது. எந்த அடையாளத்தை நீக்குவது என்பதில் இரு தரப்பாரும் கடுமை காட்டினர். துன்பமுற்றவரின் வீட்டிற்குள் யார் செல்வது என்பதில் விட்டுக்கொடுத்தனர். கத்தோலிக்கரின் வரலாறு என்று நாம் இதை ஒதுக்கிவிட முடியாது. 1814இல் 'சாஸ்திரக்கும்மி' இயற்றி மூடப் பழக்கங்களைச் சாடிய தஞ்சை வேதநாயக சாஸ்திரியாரே, பின்னர் வந்த மிஷனரிமார் பூக்களையும் தமிழிசையையும் விலக்க முற்பட்டபோது அவர்களை எதிர்த்து எழுத வேண்டியவரானார். அவ்வெதிர்ப்பில் சாதியைக் காத்துக்கொள்ளும் பகுதியும் கலந்திருந்தது; அதனை நாம் ஏற்பதற்கில்லை. நாம் இங்குக் கவனிக்க வேண்டியது, பூவா பூவில்லையா என்பதில் நம் முன்னோர் செலவிட்ட மையின் அளவை.

ஆகவே நாளைப் பற்றிய கேள்வியை இத்துடன் நிறுத்தி, கூட்டத்தையே ஓர் இலக்கிய வடிவத்தைத் திறனாய்வதுபோல் திறனாய முற்படுகிறேன். அதில் பேசுவோர் யார்? கேட்போர் யார்? யாருடைய சொல்லுக்கு அங்கு இடமில்லை?

இதற்கு நம் மொழியே ஓர் அளவுகோலைத் தந்திருக்கிறது. மரணம் நிகழ்ந்த வீட்டிற்குச் செல்வதைத் தமிழர் 'துக்கம் கேட்டல்' என்றும் 'துக்கம் விசாரித்தல்' என்றும் கூறுவர். தென் மாவட்டங்களில் 'கேதம் கேட்டல்' என்பது அதுவே. துக்கம் சொல்லுதல் என்றோ, ஆறுதல் உரைத்தல் என்றோ பெயரிடாமல் கேட்டல் என்று பெயரிட்ட மக்கள் அறிந்துதான் பெயரிட்டிருக்கிறார்கள். கேட்டல் என்னும் வினைக்கு வினவுதல் என்பதும் செவிசாய்த்தல் என்பதும் பொருள். வந்தவர் வினவ வேண்டும், பின்னர் செவிகொடுக்க வேண்டும். எப்படி நடந்தது, எத்தனை மணிக்கு, கடைசியாக என்ன சொன்னார் என்று வந்தவர் கேட்பதும், அதே கதையை அந்த வீட்டுப் பெண் இருபதாவது முறையாகச் சொல்வதும் வீண் பேச்சு என்று படித்தவர்களுக்குத் தோன்றலாம். ஒவ்வொரு முறை சொல்லும்போதும், நடந்துவிட்டது என்பதை அவள் சிறிது சிறிதாக நம்பத் தொடங்குகிறாள்.

திருமறையை இவ்வளவுகோலுடன் வாசிப்போமாயின் சில பகுதிகள் புதிதாக ஒளிபெறுகின்றன. யோபுவின் நண்பர் மூவரும் தத்தம் ஊர்களிலிருந்து கூடி வந்து, ஏழு நாள் இரவும் பகலும் அவனோடு தரையில் அமர்ந்து, வாய் திறவாதிருந்தார்கள் (யோபு 2:11-13). அதுவரை அவர்கள்மேல் குற்றமில்லை. முதலில் வாய் திறந்தவன் யோபு என்பதையும் கவனிக்க வேண்டும். அவன் சொன்னதைக் கேட்கப் பொறாமல் எலிப்பாஸ் உபதேசிக்கத் தொடங்கியதிலிருந்துதான் அவர்கள் வழிதவறினார்கள். நூலின் இறுதியில் ஆண்டவரின் கோபம் அவர்கள்மேல் மூண்டதாகக் காண்கிறோம் (42:7). எலிப்பாஸின் உரையை எடுத்து அச்சிட்டால், நம் நினைவுக் கூட்டங்களில் ஆற்றப்படும் பிரசங்கங்களில் சராசரிக்கு மேலான ஒன்றாக அது விளங்கும்.

பெத்தானியாவில் லாசரு அடக்கம்பண்ணப்பட்டு நான்கு நாளான பின், யூதரில் அநேகர் சகோதரிகளுக்கு ஆறுதல் கூறக் கூடியிருந்தனர் (யோவான் 11:19). ஆண்டவர் அங்கு வந்ததும் முதலில் பேசியவர் அவரல்லர், மார்த்தாள். அவள் பேசியது ஸ்தோத்திரமன்று; குறைகூறல். நீர் இருந்திருந்தால் இப்படி ஆகியிராதே என்ற பொருள்படப் பேசுகிறாள். பின்னர் மரியாளும் அதையே கூறுகிறாள். இரண்டாவது முறை அக்குற்றச்சாட்டைக் கேட்டபோது ஆண்டவர் விளக்கமும் தரவில்லை, கண்ணீர் விட்டார். எம்மாவு வழியோ இன்னும் தெளிவானது. அடக்கத்திற்கு மூன்றாம் நாள் அது. உயிர்த்தெழுந்தவர் உடன் நடந்து, நீங்கள் பேசிக்கொண்டு வருவது என்ன என வினவுகிறார். எல்லாம் அறிந்தவர் அறியாதவர்போல் வினவுகிறார். அவர்கள் முகவாட்டத்துடன் நின்று முழுக் கதையையும், தங்கள் ஏமாற்றத்தையும் சேர்த்துச் சொல்லி முடிக்கும்வரை குறுக்கிடாமல் கேட்கிறார் (லூக்கா 24:17-24). வேதவாக்கியங்களை விளக்குதல் அதன் பின்னரே வருகிறது. பந்தி அதற்கும் பின்னர். கேட்டல், விளக்கல், பிட்டுக் கொடுத்தல் என்னும் இவ்வரிசையை நமது நினைவு ஆராதனை எவ்வாறு தலைகீழாக்கியிருக்கிறது என்பதை இனிக் காண்போம்.

தெருவை அடைத்துச் சாமியானா போடப்படுகிறது. நெகிழி நாற்காலிகள், ஒலிபெருக்கி, மரித்தவரின் பெரிதாக்கப்பட்ட படம் ஒன்று. ஆரம்பப் பாடல், ஆரம்ப ஜெபம், திருமறை வாசிப்பு ஆகியவை விரைந்து முடிகின்றன. பேரப்பிள்ளை ஒருவர் வாழ்க்கைக் குறிப்பை வாசிக்கிறார். அதில் பிறந்த தேதி, படித்த பள்ளி, வகித்த பதவி, ஓய்வு பெற்ற ஆண்டு ஆகியவை உண்டு. பின்னர் நினைவுரைகள். நிகழ்ச்சி நிரலில் நால்வர் பெயர் இருக்கும், பேசுவோர் பதினொருவர். அரசியல் பிரமுகர் தாமதமாக வந்தால் பேசிக்கொண்டிருப்பவர் பாதியில் நிறுத்தப்படுவார். ஒவ்வொருவரும் மரித்தவரைத் தாம் சந்தித்த நாளில் தொடங்கித் தம் சொந்த வாழ்க்கையைச் சொல்லி அமர்கிறார். இறுதியில் ஆயர், இந்து உறவினர் இத்தனை பேர் கூடியிருக்கும் வாய்ப்பை விடலாகாதென்று எண்ணி, மனந்திரும்புதலைக் குறித்து முக்கால் மணி நேரம் பிரசங்கிக்கிறார். இவையனைத்தும் நடைபெறும்போது அந்தக் கைம்பெண் முதல் வரிசையில், எல்லாருடைய பார்வையிலும் படும்படி, வாய் திறவாமல் அமர்த்தப்பட்டிருக்கிறாள். துக்கம் கேட்க வந்தவர்கள் துக்கத்தைப் பேசிவிட்டு எழுகிறார்கள். துக்கமுடையவளே கேட்பவளாக ஆகிவிடுகிறாள்.

இவ்வடிவத்திற்கு மேனாட்டிலும் ஒரு முன்னோடி உண்டு. லூத்தரின் சீர்திருத்தத்தை ஏற்ற ஜெர்மானியப் பகுதிகளில், பதினாறாம் நூற்றாண்டிலிருந்து அடக்கப் பிரசங்கங்களை அச்சிட்டு வழங்கும் வழக்கம் பரவியது. தொடக்கத்தில் அவை சுவிசேஷத்தின் நம்பிக்கையை எடுத்துரைத்தன. நாளடைவில் மரித்தவரின் வாழ்க்கை வரலாறு நீண்டது. செல்வர் வீட்டார் அதற்காகவே ஆயரை நாடினர். ஸ்டோல்பர்க் பிரபு குடும்பத்துப் பெண்மணி ஒருவர் சேகரித்த தொகுப்பில் மட்டும் இருபதாயிரத்திற்கு மேற்பட்ட பிரசங்கங்கள் உள்ளனவாம். அடக்கப் பிரசங்கம் பொய்ப் பிரசங்கம் என்று அந்நாட்டு மக்களே எதுகையுடன் பழமொழி கட்டிச் சிரிக்கும் நிலை வந்தது. அதற்கு நேர்மாறான எல்லைக்குச் சென்றவர்களும் உண்டு. கால்வின் 1564இல் மரித்தபோது, தம் விருப்பப்படியே, அடையாளம் ஏதுமற்ற குழியில் அடக்கம்பண்ணப்பட்டார். 1645இல் வெஸ்ட்மின்ஸ்டர் பேரவை வெளியிட்ட வழிபாட்டுக் கையேடு, கல்லறையருகில் ஜெபித்தலையும் பாடுதலையும்கூட விலக்கிற்று. ஆயினும் அக்கடுமையான கையேடுங்கூட, உடன் வந்த கிறிஸ்தவ நண்பர்கள் அந்நேரத்திற்கேற்ற தியானத்திலும் உரையாடலிலும் ஈடுபடுவது மிகவும் தக்கது என்றது. சொற்பொழிவு என்று அது கூறவில்லை. ஒருவரோடொருவர் கலந்து பேசுதலையே கூறிற்று.

புகழுரையின் பொய்மை நல்லெண்ணத்தால் விளைவதுதானே, அதனால் யாருக்கு என்ன தீங்கு என்று கேட்கலாம். குடித்துக் குடும்பத்தை அழித்தவனைப் பதினொருவர் எழுந்து நின்று உத்தமன் என்று சொல்லும்போது, அவன் மனைவி முப்பதாண்டு பட்டது பொய்யாகிவிடுகிறது. அவளும் அவனுக்காக அழுகிறாள். ஆனால் அவள் அழுவது வேறொரு மனிதனுக்காக. அந்த மனிதனைப் பற்றிப் பேச அக்கூட்டத்தில் அவளுக்கு இடமில்லை. தற்கொலை செய்துகொண்ட இளைஞனின் வீட்டிலோ நிலைமை இன்னும் கொடியது. அங்கு எல்லாரும் எல்லாவற்றையும் பேசுவர், அந்த ஒன்றைத் தவிர. தாயின் தொண்டையில் அடைத்து நிற்பதோ அந்த ஒன்றுதான்.

முன்னர் அவளுக்கு ஒரு வழி இருந்தது. ஒப்பாரி என்பது வெறும் அழுகையன்று. அதில் மரித்தவரின் புகழும் உண்டு, அவர்மேல் குறையும் உண்டு. மாமியார் செய்த கொடுமை, கொழுந்தன் பிடித்துக்கொண்ட நிலம், பிறந்த வீட்டார் கைவிட்டது யாவும் உண்டு. சபையில் பேச இடம் பெறாத பெண் பேசியதைத் தடுக்க எவருக்கும் துணிவு வராத ஒரே வேளை அது. தொல்காப்பியர் அழுகைக்குரிய நிலைக்களன்கள் நான்கனுள் இழவை மட்டுமன்றி வறுமையையும் வைத்தார். சங்கப் பாடல்களில் கையறுநிலை என்று வழங்கும் துறை நண்பரும் புலவரும் பாடியது. ஆயினும் பாரி மகளிர் பாடியதாக ஒரு பாடல் புறநானூற்றில் நூற்றுப் பன்னிரண்டாவதாக நிற்கிறது. தந்தையை இழந்த பெண்கள் தாமே பேசிய அப்பாடலின் அருகே நம் வாழ்க்கைக் குறிப்புகளை வைத்துப் பார்த்தால் நமக்கு வெட்கம் உண்டாகும்.

சபை ஒப்பாரியை அடக்கியது 1 தெசலோனிக்கேயர் 4:13ஐக் காட்டியே. அவ்வசனம் நம்பிக்கையற்றவர்கள் துக்கிக்கிற விதத்தை விலக்குகிறது, துக்கத்தை விலக்கவில்லை. எரேமியாவோ புலம்பற்காரிகளை வரவழைக்கச் சொல்லி, அப்பாடலை மகள்களுக்குக் கற்றுக்கொடுக்கவும் கூறுகிறார் (9:17-20). கூலிக்கு மாரடிப்போரை மீண்டும் அழைக்க வேண்டும் என்று நான் வாதிடவில்லை. ஆனால் ஒப்பாரியை எடுத்துவிட்டு அவ்விடத்தில் நாம் வைத்தது என்ன? கீர்த்தனை. அது அழகானது, ஆனால் எல்லாருக்கும் பொதுவானது. அவளுடைய கொழுந்தன் எழுதி வாங்கிக்கொண்ட நிலம் எந்தக் கீர்த்தனையிலும் வராது.

நிலம் என்றதும் ஆனந்தரங்கப் பிள்ளை நினைவுக்கு வருகிறார். 1736 முதல் 1761 வரை அவர் எழுதிய நாட்குறிப்பு, தமிழ்க் கிறிஸ்தவர்களின் வாழ்க்கையை ஓர் இந்துவின் கண்வழி காட்டும் அரிய நூல். நம் இறையியல் கல்லூரிகளில் அது வாசிக்கப்படாதிருப்பது குறையே. பிரெஞ்சுக் கம்பெனியின் தலைமைத் துபாசியாக இருந்த கனகராய முதலியார் கிறிஸ்தவர். அவருடைய ஒரே மகன் 1739இல் மரித்தான். 1745இன் இறுதியில் உழவர்கரையில் தாம் கட்டிய ஆலயத்தின் விழாவில் பல சாதியாருக்கும் அவரவர் முறைப்படி அவர் விருந்தளித்ததை நாட்குறிப்பு கூறுகிறது. அதே ஆண்டில்தான் நகரத்துக் கோவிலில் பறையர் கிறிஸ்தவரைப் பிரித்து நின்ற சுவரைப் பற்றிய பூசலும் எழுந்தது. 1746 பிப்ரவரியில் முதலியாரும் மரித்தார்.

அம்மரணத்தின் பின்னர் நாட்குறிப்பு எதைப் பேசுகிறது என்பதே நாம் கவனிக்க வேண்டியது. துபாசி உத்தியோகம் யாருக்கு என்பது ஒன்று; பிள்ளையவர்களுக்கே அதில் நாட்டம் இருந்தது, 1747இல் அது அவருக்குக் கிடைத்தது. சொத்து யாருக்கு என்பது மற்றொன்று. மரித்தவரின் தம்பிக்கும் அவருடைய கைம்பெண்ணுக்கும் இடையே வழக்கு மூண்டு, இனத் தலைவர்களின் விசாரணைக்குச் சென்றது. கைம்பெண்ணின் உரிமை பக்கம் பக்கமாகப் பேசப்படுகிறது. ஆனால் பேசுவோர் ஆண்கள். மகனையும் கணவனையும் ஏழாண்டுக்குள் இழந்த ஒரு கிறிஸ்தவப் பெண்ணின் துக்கத்தை யாராவது கேட்டார்களா என்பதற்கு அந்நூலில் விடை தேடுவது வீண். நாட்குறிப்பாளர்மேல் இதைக் குற்றமாகச் சுமத்த வேண்டியதில்லை. கூட்டத்தில் எது பேசப்பட்டதோ அதைத்தானே அவர் எழுத முடியும்.

இருநூற்றெண்பது ஆண்டு கடந்தும் பதினாறாம் நாளின் பிற்பகலில் நடப்பது இதுவே. பந்தி முடிந்து, அயலார் விடைபெற்ற பின் பெரியவர்கள் உள்ளறையில் அமர்கிறார்கள். புதுச்சேரிப் பகுதியில் இதற்கு ஒரு தனிச் சிக்கலும் உண்டு. 1881ஆம் ஆண்டு ஆணையின்படித் தம் பழைய வழக்கச் சட்டத்தைத் துறந்து பிரெஞ்சு உரிமையியல் சட்டத்தை ஏற்றவர்களின் வழிவந்த குடும்பங்களில் வாரிசுரிமை ஒருவகை. மற்றக் குடும்பங்களில் வேறுவகை. எது தனக்குப் பொருந்தும் என்பதை அறியாத பெண்ணிடம், அன்றைக்கே கையொப்பம் கேட்கப்படுகிறது. கடலூர்ச் சாலையை ஒட்டிய மனைகளின் விலை ஏறிய பிறகு அவசரமும் ஏறிவிட்டது. முகூர்த்தம் பார்ப்பதை எதிர்த்துப் பிரசங்கிக்கும் ஆயர் இந்தக் கையொப்பத்தைப் பற்றி வாய் திறப்பதில்லை. அது குடும்ப விஷயம் என்பார். விதவைகளின் வீடுகளைப் பட்சிப்பதையும் நீண்ட ஜெபத்தையும் ஆண்டவர் ஒரே வாக்கியத்தில் சேர்த்துச் சொன்னதை (மாற்கு 12:40) அவர் மறந்துவிடலாகாது.

உணவைக் குறித்தும் சிறிது சொல்ல வேண்டும். மரண வீட்டில் அடுப்பு மூட்டலாகாது, உறவினரும் அண்டை வீட்டாரும் சமைத்துக் கொண்டுவர வேண்டும் என்பது தமிழரின் பழைய நாகரிகம். அப்னேருக்காகத் துக்கித்த தாவீதைச் சாப்பிடச் செய்ய ஜனங்கள் வந்ததும் (2 சாமுவேல் 3:35), துக்கிப்போருக்குத் தேறுதலின் பாத்திரம் கொடுக்கும் வழக்கை எரேமியா குறிப்பதும் (16:7) இதனோடு ஒப்பிடத் தக்கவை. முதல் நாளில் வீட்டிற்குள் வந்த உணவு, பதினாறாம் நாளில் வீட்டிலிருந்து வெளியே செல்லும் விருந்தாக மாறிவிடுகிறது. வந்தவர்க்கெல்லாம் பிரியாணி போடக் கடன் வாங்கும் குடும்பங்களை நாம் அறிவோம். ஹிப்போவில் குருவாயிருந்த அகஸ்தீன் 392இல் கார்த்தேஜ் ஆயர் அவுரேலியுவுக்கு எழுதிய கடிதத்தில் கல்லறை விருந்துகளைக் கண்டிக்கிறார். ஆயினும் காணிக்கையை அடியோடு ஒழிக்கச் சொல்லவில்லை. ஆடம்பரமின்றி இருக்கட்டும், கேட்போர் எவர்க்கும் செருக்கின்றி உடனே வழங்கப்படட்டும், பணம் கொடுக்க விரும்புவோர் ஏழைகளுக்கு அங்கேயே கொடுக்கட்டும் என்கிறார். அவருடைய தாயார் மோனிக்காவும் மிலானில் இரத்தசாட்சிகளின் கல்லறைக்குக் கஞ்சியும் அப்பமும் எடுத்துச் சென்று, அம்புரோசியுவின் தடையால் நிறுத்திக்கொண்டவரே. நம் பந்தியில் குழிவெட்டியவர் எங்கே அமர்கிறார் என்று பார்த்தால் அகஸ்தீனின் கேள்வி இன்னும் பழையதாகிவிடவில்லை என்பது விளங்கும். பெரும்பாலும் அவருக்குப் பொட்டலம்.

இத்தனை குறை சொன்ன பின்னர், இக்கூட்டங்களையே ஒழித்துவிடலாமே என்று சிலர் கூறுவர். அது எத்தகைய வாழ்வாயிருக்கும் என்பதை 2020ஆம் ஆண்டு நமக்குக் காட்டிவிட்டது. இறுதிச் சடங்கில் இருபது பேருக்கு மேல் கூடலாகாதென நடுவண் அரசு வரம்பிட்ட காலம் அது. அவ்வாண்டு ஏப்ரலில் சென்னையில் கொரோனா நோயால் மரித்த ஒரு கிறிஸ்தவ மருத்துவரின் உடலைக் கீழ்ப்பாக்கம் கல்லறையில் அடக்கம்பண்ண விடாமல் ஒரு கும்பல் தடுத்தது. நள்ளிரவில் உடன்பணியாற்றிய மருத்துவர் ஒருவரே வேறிடத்தில் அடக்கத்தை முடிக்க வேண்டியதாயிற்று. மனைவி நீதிமன்றத்தை நாடினார். உடலை எடுத்துக் கீழ்ப்பாக்கத்தில் மறு அடக்கம் செய்ய 2021 மார்ச்சில் சென்னை உயர் நீதிமன்றம் அனுமதி அளித்தது. அதுபோன்ற பெரிய கொடுமை நேராத வீடுகளிலும் அந்நாள்களில் மரித்தோரின் குடும்பத்தார் பலர், இன்றும் நம்மிடம் சொல்வது ஒன்றே: வந்து கேட்க ஆளில்லை. பிரசங்கம் இல்லை என்றோ மலர் அச்சிடவில்லை என்றோ எவரும் வருந்துவதில்லை.

ஆகவே கூட்டம் வேண்டும். அதன் வடிவம் மாற வேண்டும். இறையியல் கல்லூரிகளில் அடக்கப் பிரசங்கம் தயாரிக்கக் கற்பிக்கும் நாம், ஒரு வீட்டில் ஒரு மணி நேரம் வாய் மூடி அமர்ந்திருக்கக் கற்பிப்பதில்லை. நடைமுறைப் பயிற்சியில் அதற்கு ஒரு பருவமேனும் ஒதுக்கலாம். மூன்றாம் நாள் கூட்டத்திற்கு லூக்கா 24ஐயே முறைமையாக வைத்துக்கொள்ளலாம். ஆயர் அந்த வீட்டாரிடம் ஒரு கேள்வி கேட்கட்டும். அவர்கள் விரும்பிய அளவு பேசட்டும். அழுதால் அழட்டும், கோபித்தால் கோபிக்கட்டும், ஒன்றும் சொல்லாவிட்டால் யாவரும் அமைதியாயிருக்கட்டும். பின்னர் ஒரு திருமறைப் பகுதி, சுருக்கமான விளக்கம், ஒரு ஜெபம். தொற்காளின் மரணத்தில் விதவைகள் நினைவுரை நிகழ்த்தாமல் அவள் தைத்துக் கொடுத்த அங்கிகளைக் காட்டினார்கள் (அப்போஸ்தலர் 9:39). அதுபோல் மரித்தவர் கையால் செய்த ஏதேனும் ஒன்றை வீட்டார் காட்ட விரும்பினால் காட்டட்டும். இந்து உறவினரும் கத்தோலிக்க உறவினரும் இதில் தடையின்றிப் பங்கு கொள்ளலாம், ஏனெனில் அவர்களும் அதே மனிதரை இழந்தவர்களே. வந்த இடத்தில் அவர்களை வலை வீசிப் பிடிக்க வேண்டியதில்லை. உணவைச் சபையார் எடுத்துச் செல்லட்டும். முதல் முப்பது நாள்களுக்குள் அவ்வீட்டில் எந்தப் பத்திரத்திலும் கையொப்பம் வாங்கலாகாது என்று சபைக் குழு தீர்மானம் செய்து, ஆலயத்தில் வாசிக்கட்டும். அது சட்டப்படி எவரையும் கட்டுப்படுத்தாது. ஆனால் உள்ளறையில் அமரும் பெரியவர்களுள் பாதிப்பேர் சபைக் குழு உறுப்பினர்கள் என்பதால் சிறிது பயன் தரும்.

பதினாறாம் நாள் ஆராதனையை ஒரேயடியாக மாற்ற இயலாதென்பதை ஒப்புக்கொள்கிறேன். குடும்பத்தின் மானம் அதில் இருக்கிறது. பிரமுகர்களும் வந்தே தீருவர். அங்கே நினைவுரைகளை இரண்டாகக் குறைத்து, அவற்றுள் ஒன்று பெண்ணுடையதாக இருக்க வேண்டும் என்று ஆயர் வற்புறுத்தலாம். ஒலிபெருக்கியை வேண்டாம் எனலாம். ஒலிபெருக்கி இல்லாத இடத்தில் அரசியல்வாதி நெடுநேரம் பேசுவதில்லை, அழுகிற பெண்ணின் குரலும் கேட்கும். இதைச் சொல்வதானால் அடக்கத்தன்றே சொல்லிவிட வேண்டும். மறுநாள் காலைக்குள் பந்தற்காரருக்கு முன்பணம் போய்விடுகிறது.